மேட் 60 ப்ரோவைப் பிரித்துப் பார்த்தபோது: தடைகளுக்கு நடுவே வந்த 7 நானோமீட்டர் சிப்

2023 ஆகஸ்ட் 29 அன்று பகல் 12 மணி 8 நிமிடத்துக்கு ஹுவாவே தன் இணையக் கடையில் ஒரு போனை விற்பனைக்கு வைத்தது. மேடையும் இல்லை, அறிமுக விழாவும் இல்லை. போனின் பெயர் மேட் 60 ப்ரோ, விலை 6,999 யுவான். கேமரா, திரை, செயற்கைக்கோள் அழைப்பு என்று எல்லாவற்றையும் விவரித்த நிறுவனம், உள்ளே ஓடும் பிராசஸரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. 5ஜி பற்றியும் பேச்சில்லை. சீனாவுக்கு எந்த சிப் போகலாம், எது போகக்கூடாது என்று முடிவெடுக்கும் அமெரிக்க வர்த்தகத் துறையின் அமைச்சர் ஜினா ரைமண்டோ அந்த நேரத்தில் சீனாவில்தான் இருந்தார்.

போனை வாங்கியவர்கள் முதல் வேலையாக இணைய வேகத்தைச் சோதித்தார்கள். திரையின் மூலையில் 5ஜி குறி இல்லை. ஆனால் வேகம் 5ஜி வேகம். போனின் திறனை அளக்கும் பெஞ்ச்மார்க் செயலிகள் பிராசஸருக்கு கிரின் 9000எஸ் என்ற பெயரை வெளியே கொண்டுவந்தன. அடுத்த சில நாட்களில் கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் டெக்இன்சைட்ஸ் நிறுவனம் போனைப் பிரித்து, சிப்பின் உறையைக் கழற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து அளந்து பார்த்துவிட்டு முடிவைச் சொன்னது: இது ஷாங்காயில் உள்ள சிப் தயாரிப்பு நிறுவனமான எஸ்எம்ஐசி தயாரித்தது, அந்த நிறுவனம் என்+2 என்று அழைக்கும் 7 நானோமீட்டர் தலைமுறையைச் சேர்ந்தது (எண் குறையக் குறைய தலைமுறை புதிது).

சீன இணையத்தில் ரைமண்டோவை ஹுவாவேயின் விளம்பரத் தூதராக்கி கேலிப்படங்கள் பறந்தன. வாஷிங்டனில் தடைகள் தோற்றுவிட்டன என்று ஒரு தரப்பு கொதித்தது. அந்த சிப் யாருடைய இயந்திரத்தில், எந்த வழியில், என்ன விலையில் பிறந்தது என்று நிதானமாகப் பார்த்தால் இரண்டு தரப்புமே அவசரப்பட்டுவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஹுவாவேக்கு அடைக்கப்பட்ட கதவு

2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவேயைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கப் பொருளை அனுமதியில்லாமல் ஹுவாவேக்கு விற்கக்கூடாது என்பதுதான் அப்போதைய விதி. ஹுவாவே அதற்குத் தயாராகவே இருந்தது. சிப் வடிவமைக்கும் துணை நிறுவனமான ஹைசிலிக்கானின் தலைவர் ஹி டிங்போ, இத்தனை ஆண்டுகளாக மாற்று டயராக வைத்திருந்த சிப்கள் எல்லாம் ஒரே இரவில் ஓடும் டயராகிவிட்டன என்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். வடிவமைப்பு கைவசம் இருக்கிறது, தைவானின் டிஎஸ்எம்சி தயாரித்துக் கொடுக்கிறது, பிறகென்ன கவலை என்பதே அந்தக் கடிதத்தின் தொனி.

அந்த நம்பிக்கை ஓராண்டுதான் நீடித்தது. 2020 மே மாதம் விதி மாறியது. அமெரிக்க மென்பொருளையோ கருவியையோ பயன்படுத்தி உலகின் எந்த மூலையில் ஹுவாவேக்காக சிப் செய்தாலும் அதற்கு அமெரிக்க அனுமதி வேண்டும் என்றானது. அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச், கேஎல்ஏ ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் கருவிகள் இல்லாத நவீன சிப் ஆலை உலகில் கிடையாது. ஆகவே தைவானில் தயாராகும் சிப்பையும் வாஷிங்டன் தடுக்க முடிந்தது. 2020 செப்டம்பர் நடுவில் டிஎஸ்எம்சி ஹுவாவேக்கு அனுப்புவதை நிறுத்தியது. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில்தான் ஹுவாவே சாம்சங்கை முந்தி உலகின் முதல் ஸ்மார்ட்போன் விற்பனையாளராகியிருந்தது.

அதன் பிறகு சரிவுதான். தன் இன்னொரு போன் பிராண்டான ஹானரை 2020 நவம்பரில் விற்றார்கள். 2020இல் 891 பில்லியன் யுவானாக இருந்த வருவாய் 2021இல் 637 பில்லியன் யுவானுக்கு இறங்கியது. 2022இல் வந்த மேட் 50 போனில் அமெரிக்காவின் குவால்காம் சிப்பைப் போட வேண்டியிருந்தது. அதுவும் 4ஜி மட்டும் இயங்கும் ரகம், அமெரிக்க உரிமம் அதற்குத்தான் கிடைத்தது. 5ஜி வலைப்பின்னல்களை உலகம் முழுக்க அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் முதன்மைப் போனில் 5ஜி இல்லை என்ற நிலை.

எஸ்எம்ஐசியும் லியாங் மோங்சோங்கும்

எஸ்எம்ஐசியை 2000ஆம் ஆண்டு ஷாங்காயில் தொடங்கியவர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட் சாங். தொழில் ரகசியம் திருடியதாக டிஎஸ்எம்சி இருமுறை வழக்குப் போட்டது. 2005இல் 175 மில்லியன் டாலர், 2009இல் மேலும் 200 மில்லியன் டாலரும் பங்குகளும் கொடுத்து எஸ்எம்ஐசி சமரசமானது. சாங் பதவி விலகினார். பிறகு பல ஆண்டுகள் அது பின்வரிசை நிறுவனமாகவே இருந்தது.

2017 அக்டோபரில் லியாங் மோங்சோங் வந்தார். டிஎஸ்எம்சியில் வளர்ந்து, அங்கிருந்து சாம்சங் போய், அதற்காக நீதிமன்றமும் ஏறியவர். அவர் வந்தபின் 2019 இறுதியில் எஸ்எம்ஐசி 14 நானோமீட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. 2020 டிசம்பரில் தன்னைக் கேட்காமல் இன்னொருவரைத் துணைத் தலைவராக நியமித்ததால் கோபித்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கடிதம் வெளியே கசிந்தது. 28இலிருந்து 7 நானோமீட்டர் வரையான தலைமுறைகளை மூன்று ஆண்டுகளில் முடித்தோம், 7 நானோமீட்டர் உருவாக்கம் நிறைவடைந்துவிட்டது, அடுத்த ஏப்ரலில் சோதனை உற்பத்தி தொடங்கலாம், 5க்கும் 3க்குமான வேலை, சிப்பில் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் வரையும் ஈயூவி இயந்திரம் வருவதற்காகக் காத்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். ராஜினாமா நடக்கவில்லை, அவர் தங்கிவிட்டார்.

ஆக, மேட் 60 ப்ரோவுக்கு இரண்டரை ஆண்டுக்கு முன்பே விஷயம் எழுத்தில் வந்துவிட்டது. 2022 ஜூலையில் மினர்வா என்ற பிட்காயின் மைனிங் கருவிக்குள் எஸ்எம்ஐசியின் 7 நானோமீட்டர் சிப்பை டெக்இன்சைட்ஸ் கண்டுபிடித்து அறிவித்தது. அப்போது இது கொசுறுச் செய்தியாகப் போனது. 2023இல் அதிர்ந்தவர்கள் 2022இல் அதைப் படிக்கவில்லை போலும்.

ஒளி போதாதபோது

இனி இந்த ஆய்வின் மையம். 7 நானோமீட்டர் என்பது இப்போது ஒரு தலைமுறையின் பெயர்தான். சிப்பில் அந்த அளவில் எதையும் அளந்து காட்ட முடியாது. ஆனால் கோட்டுக்குக் கோடு உள்ள தூரம் 40 நானோமீட்டருக்குப் பக்கத்திலும், டிரான்சிஸ்டரின் மெல்லிய துடுப்புகளில் அதைவிட நெருக்கமாகவும் வர வேண்டும். அதை வரைய ஒளி வேண்டும்.

நெதர்லாந்தின் வெல்தோவனில் உள்ள ஏஎஸ்எம்எல் மட்டுமே செய்யும் ஈயூவி இயந்திரம் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பயன்படுத்துகிறது. உருகிய தகரத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் உதிரவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து அந்த ஒளியை எடுக்கிறார்கள். காற்றுகூட இந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில் நடக்கிறது. லென்ஸ் உதவாது, ஜெர்மனியின் ஸைஸ் செய்யும் கண்ணாடிகள்தான். ஒளி உண்டாக்கும் பகுதி அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தது. வாஷிங்டனின் பேச்சுக்கு டச்சு அரசு இருக்கும் ஹேக்கில் எடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்எம்ஐசி 2018இல் ஒரு ஈயூவி இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தது. 2019இல் டச்சு அரசு ஏற்றுமதி உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்த இயந்திரம் இன்றுவரை சீனா வந்து சேரவில்லை.

எஸ்எம்ஐசி கையில் இருந்தது முந்தைய தலைமுறை, டியூவி. 193 நானோமீட்டர் ஒளி. லென்ஸுக்கும் சிலிக்கான் தட்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலத்தை ஓடவிட்டு ஒளியை மேலும் கூர்மையாக்குவார்கள். அப்படியும் ஒரே அடியில் கோட்டுக்குக் கோடு 80 நானோமீட்டர் அளவுக்குத்தான் போக முடியும், மிகவும் இழுத்தால் 76. அதற்குக் கீழே போக ஒரு தந்திரம் உண்டு. முதலில் அகலமாக ஒரு கோடு வரைவார்கள். அதன் இரு பக்கச் சுவரிலும் மெல்லிய படலம் படியவைப்பார்கள். பிறகு நடுவில் உள்ள மூலக் கோட்டை அரித்து நீக்கினால் இரு சுவர்கள் மட்டும் நிற்கும். ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு. அந்த இரண்டின்மீது இதையே மறுபடி செய்தால் நான்கு.

சேலையில் அச்சுக்கட்டை அழுத்துகிறவருக்கு இதன் ஆபத்து உடனே புரியும். ஒரு பூவை நான்கு கட்டைகளில் நான்கு முறை அழுத்தி முடிக்க வேண்டும். மூன்றாவது கட்டை நூலளவு விலகினால் சேலையே வீண். இங்கே நூலளவு என்பது இரண்டு மூன்று நானோமீட்டர். ஒவ்வொரு முறையும் படியவைத்தல், அரித்தல், கழுவுதல், அளத்தல் என்று படிகள் கூடிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஆயிரம் படிகள், ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் கடைசியில் பிழையின்றித் தேறுவது 37 சதவீதம்தான். யீல்டு எனப்படும் இந்தத் தேறும் விகிதம்தான் சிப் ஆலையின் லாபநட்டத்தைத் தீர்மானிக்கிறது.

இது சீனர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. 2018இல் ஆப்பிளின் ஏ12 சிப்பையும் ஹுவாவேயின் கிரின் 980 சிப்பையும் டிஎஸ்எம்சி இதே டியூவியில், ஈயூவி இல்லாமல்தான் 7 நானோமீட்டரில் செய்தது. அதே வழியில் 10 நானோமீட்டரை முயன்ற இன்டெல் பல ஆண்டுகள் சிக்கித் திணறி, 2019இல்தான் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. அதனால் எஸ்எம்ஐசி செய்தது சின்ன வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேட் 60 ப்ரோ வந்த அதே மாதங்களில் ஆப்பிளின் ஐபோன் 15 ப்ரோ 3 நானோமீட்டர் சிப்புடன் வந்தது. இடைவெளி ஐந்து ஆண்டு.

இயந்திரங்கள் எங்கிருந்து வந்தன?

பெரும்பாலும் சட்டப்படி வாங்கியவை. 2020 டிசம்பரில் எஸ்எம்ஐசியையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் 10 நானோமீட்டருக்கும் அதற்குக் கீழும் மட்டுமே தேவைப்படும் கருவிகளுக்குத்தான் கண்டிப்பான மறுப்பு. 28க்கும் 14க்கும் பயன்படும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து உரிமம் தரலாம். 28க்கு வாங்கிய டியூவி இயந்திரம் 7க்கும் உழைக்கும் என்பதுதான் நாம் மேலே பார்த்த தந்திரம். விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரையான ஐந்தரை மாதங்களில் மட்டும் எஸ்எம்ஐசிக்கு விற்க 42 பில்லியன் டாலர் அளவுக்கும், ஹுவாவேக்கு விற்க 61 பில்லியன் டாலர் அளவுக்கும் அமெரிக்க வர்த்தகத் துறையே உரிமங்கள் கொடுத்திருந்தது. பின்னர் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட கணக்கு இது. உரிமம் கொடுத்த அளவுக்கு விற்பனை நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பதை இது காட்டும்.

உண்மையான இறுக்கம் 2022 அக்டோபர் 7 அன்று வந்தது. கணக்கிடும் வேலையைச் செய்யும் 16/14 நானோமீட்டர் அல்லது அதற்குக் கீழான லாஜிக் சிப், 18 நானோமீட்டர் அல்லது அதற்குக் கீழான டிராம் என்ற தற்காலிக மெமரி, தரவைச் சேமித்துவைக்கும் 128 அடுக்கு அல்லது அதற்கு மேற்பட்ட நாண்டு மெமரி ஆகியவற்றைச் செய்யும் சீன ஆலைகளுக்குக் கருவிகள் போகக்கூடாது. அமெரிக்கக் குடிமக்கள் அங்கே வேலை செய்யவும் தடை. வூஹானில் உள்ள மெமரி நிறுவனமான ஒய்எம்டிசியிலிருந்து அமெரிக்கக் கருவி நிறுவனங்களின் ஊழியர்கள் சில நாட்களிலேயே மூட்டை கட்டினார்கள். ஜப்பான் 2023 ஜூலையில் 23 வகைக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நெதர்லாந்து 2023 செப்டம்பரில் உயர்வகை டியூவிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. உரிமம் பெற்ற சில இயந்திரங்களை அனுப்ப அந்த ஆண்டு முடிய வரை அவகாசமும் இருந்தது.

தடை வருகிறது என்று ஓராண்டுக்கு முன்பே தெரிந்தால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? வாங்கிக் குவிப்பார்கள். 2024இன் முதல் இரண்டு காலாண்டுகளிலும் ஏஎஸ்எம்எல் இயந்திர விற்பனையில் 49 சதவீதம் சீனாவுக்குப் போனது. தடை விதிக்கப்பட்ட நாடு, தடை காலத்திலேயே அந்நிறுவனத்தின் மிகப்பெரிய வாடிக்கையாளர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டைகள் சிப்களிலும் இருந்தன. அதே மேட் 60 ப்ரோவுக்குள் தென் கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ் செய்த மெமரி சிப்கள் இருந்தன. தடைக்குப் பிறகு ஹுவாவேயுடன் வியாபாரமே இல்லை என்று சொல்லி அந்த நிறுவனம் விசாரணை தொடங்கியது. 2024 அக்டோபரில் ஹுவாவேயின் ஏஐ சிப்பான அசென்ட் 910பி-யில் டிஎஸ்எம்சி செய்த சிலிக்கான் இருப்பதை டெக்இன்சைட்ஸ் கண்டது. இதில் பெயர் அடிபட்ட சோஃப்கோ என்ற சீன நிறுவனத்துக்கு டிஎஸ்எம்சி சப்ளையை நிறுத்த, 2025 ஜனவரியில் அமெரிக்கா அதையும் பட்டியலில் சேர்த்தது.

பணம்: எரிந்ததும் முளைத்ததும்

சீன அரசு 2014இல் 138.7 பில்லியன் யுவானில் சிப் முதலீட்டு நிதி ஒன்றைத் தொடங்கியது. 2019இல் இரண்டாவது, 204 பில்லியன். 2024 மே மாதம் மூன்றாவது, 344 பில்லியன். பணம் கொட்டினால் சிப் வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு மாற்று மருந்து வேண்டுமானால் வூஹானின் எச்எஸ்எம்சி கதையைப் படிக்க வேண்டும்.

2017இல் பிறந்த நிறுவனம். அறிவித்த முதலீடு 128 பில்லியன் யுவான். டிஎஸ்எம்சியின் முன்னாள் ஆராய்ச்சித் தலைவர் சியாங் ஷாங்யியைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். 2019 டிசம்பரில் ஏஎஸ்எம்எல்லின் டியூவி இயந்திரம் வந்து இறங்கியதை விழா எடுத்துக் கொண்டாடினார்கள். அடுத்த மாதமே அந்த இயந்திரத்தை வங்கியில் அடகு வைத்து 580 மில்லியன் யுவான் கடன் வாங்கினார்கள். அடமானப் பதிவில் இயந்திரத்தின் நிலை பற்றி எழுதியிருந்தது: புத்தம் புதியது, இன்னும் இயக்கப்படவில்லை. 2020 நவம்பரில் உள்ளூர் அரசு நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2021இல் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சிப்கூட வெளியே வரவில்லை. லியாங் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதியதற்குக் காரணமான அந்தப் புதிய துணைத் தலைவரும் இதே சியாங் ஷாங்யிதான்.

2022இல் முதலீட்டு நிதியின் மேலாளர்கள் பலர் ஊழல் விசாரணையில் சிக்கினார்கள். அரசுப் பணத்தில் வீங்கிய சிப் குழுமமான சிங்ஹுவா யூனிகுரூப் கடனில் மூழ்கியது. அதன் முன்னாள் தலைவர் ஜாவ் வெய்குவோவுக்கு 2025இல் ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இத்தனை விரயத்துக்கு நடுவில் முளைத்தவையும் உண்டு. தடைகளின் ஆழமான விளைவை நான் போனுக்குள் தேடமாட்டேன். பெய்ஜிங்கின் நவ்ரா, ஷாங்காயின் ஏஎம்இசி போன்ற கருவித் தயாரிப்பாளர்களின் ஆர்டர் புத்தகத்தில்தான் தேடுவேன். தடைக்கு முன்பு எந்தச் சீன ஆலை மேலாளரும் உள்ளூர் அரிப்புக் கருவியை வாங்கி ரிஸ்க் எடுக்க மாட்டார். லாம் ரிசர்ச் கருவி பழுதானால் அவர்மேல் பழி வராது. உள்ளூர்க் கருவி பழுதானால் வேலையே போகும். சிப் கருவி மேம்படுவது ஆராய்ச்சிக் கூடத்தைவிட ஆலையில் இரவும் பகலும் ஓடும்போதுதான். அந்த ஓட்டம் அவர்களுக்குக் கிடைக்காமலே இருந்தது. வாஷிங்டன் அதைக் கிடைக்கச் செய்துவிட்டது. 2019இல் 4.06 பில்லியன் யுவானாக இருந்த நவ்ராவின் வருவாய் 2024இல் 29.8 பில்லியன். ஏஎம்இசி 1.95இலிருந்து 9.07 பில்லியன். அப்ளைடு மெட்டீரியல்ஸில் பணியாற்றிவிட்டு 2004இல் ஏஎம்இசியைத் தொடங்கிய ஜெரால்டு யின் அமெரிக்கக் குடிமகனாக இருந்தவர். 2024ஆம் ஆண்டறிக்கையில் அவருடைய நாடு சீனா என்று மாறியிருந்தது.

அரித்தல், படியவைத்தல், கழுவுதல் ஆகியவற்றில் இந்த வளர்ச்சி தெரிகிறது. ஒளியால் கோடு வரையும் லித்தோகிராஃபியில் நிலைமை வேறு. ஷாங்காயின் எஸ்எம்இஇ விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் 90 நானோமீட்டர் தலைமுறைக்கானது. பிழை கண்டுபிடிக்கும் அளவீட்டுக் கருவிகளில் கேஎல்ஏவுக்கு ஈடான உள்ளூர் ஆள் இல்லை. ஒளியுணர் பசையில் ஜப்பானைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கிரின் 9000எஸ் சீனாவில் வடிவமைத்து சீனாவில் செய்த சிப். ஆனால் அதன் ஒவ்வொரு நுண்கோட்டையும் வரைந்தது டச்சு இயந்திரம்.

விலையும் கணக்கில் வர வேண்டும். 2024இல் எஸ்எம்ஐசியின் மொத்த லாப விகிதம் 18 சதவீதம், டிஎஸ்எம்சிக்கு 56 சதவீதம். அதே ஆண்டு எஸ்எம்ஐசியின் வருவாய் 8 பில்லியன் டாலர், முதலீட்டுச் செலவு 7.3 பில்லியன். சம்பாதித்ததில் பெரும்பகுதி அளவுக்கு இயந்திரத்திலும் கட்டடத்திலும் போடுகிற நிறுவனத்தைப் பங்குச் சந்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் புரியாது. பின்னால் அரசு நிற்கிறது. இழப்பைச் சுமக்க ஆள் இருக்கும்வரை யீல்டு குறைவாக இருப்பது முட்டுக்கட்டை ஆகாது. பெருமளவில் 7 நானோமீட்டர் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரமில்லை என்று ரைமண்டோ 2023 செப்டம்பரில் சொன்னபோது இந்தச் சுமைதாங்கியை அவர் குறைத்து எடைபோட்டார் என்றே நினைக்கிறேன். 2024இல் ஹுவாவேயின் வருவாய் 862 பில்லியன் யுவானுக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த படி

2024 நவம்பரில் மேட் 70 வந்தது. கிரின் 9020 சிப்பைப் பிரித்துப் பார்த்தால் மறுபடியும் அதே 7 நானோமீட்டர் தலைமுறை. வாங்கிய இயந்திரத்தால் ஒரு எல்லைவரை வந்து, அங்கே ஓராண்டுக்கும் மேல் நிற்க வேண்டியிருந்தது. 2025 இறுதியில் வந்த மேட் 80 வரிசையின் கிரின் 9030இல் என்+3 என்ற அடுத்த தலைமுறையை டெக்இன்சைட்ஸ் கண்டது. ஈயூவி இல்லாமலே எட்டியது, தைவானின் 5 நானோமீட்டர் அளவுக்கு அடர்த்தி இல்லை. அதே காலாண்டில் டிஎஸ்எம்சி 2 நானோமீட்டர் உற்பத்தியைத் தொடங்கியது.

சீனா முழுக்க நிறுவப்பட்டிருக்கும் டியூவி இயந்திரங்களுக்கு உதிரிபாகமும் பராமரிப்பும் தேவை. லென்ஸ் அமைப்பைச் சீர்செய்ய, லேசர் பகுதியை மாற்ற, மென்பொருளைப் புதுப்பிக்க ஏஎஸ்எம்எல் ஆட்கள்தான் வர வேண்டும். அந்தச் சேவையையும் நிறுத்தச் சொல்லி 2024இல் அமெரிக்க அதிகாரிகள் ஹேக்குக்கு நெருக்கடி கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 1970i, 1980i என்ற டியூவி ரக இயந்திரங்களுக்கான உரிம அதிகாரத்தை டச்சு அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எஸ்எம்ஐசியின் அடுத்த தலைமுறை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அந்தப் பராமரிப்பு எத்தனை நாள் தொடரும், அதற்குள் உள்ளூரில் ஒரு டியூவி இயந்திரம் ஆலைத்தரத்துக்கு வருமா.